ஒரு காயமா, பல காயங்களா? ஓர் ஐஸ்லாந்துக்காரர் கண்ட சோதனை

“நார்வேயிலிருந்து போய் ஐஸ்லாந்தில் குடியேறியவர்கள் தங்களைத் தனி மக்களாக உணர மொழிதான் காரணமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பேச்சு மட்டும் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. 870 வாக்கில் குடியேற்றம் தொடங்கி, 930இல் ஆல்திங் என்ற பொதுச்சபை கூடிய பிறகும், தங்கள் மொழியை அவர்கள் ‘டேனிய மொழி’ என்றே சொன்னார்கள். டென்மார்க், ஸ்வீடன், நார்வே மக்களுக்கும் அதுதான் பெயர். அந்த மொழியைச் சிறுவயதில் கற்காதவர் ஐஸ்லாந்தில் மூன்று குளிர்காலம் கழித்த பிறகே நீதிமன்றத்தில் அமரலாம் என்றது அவர்களுடைய கிராகாஸ் சட்டம்.

‘நாம்’ என்ற குரல் பளிச்சென்று கேட்பது எழுத்தில்தான். 12ஆம் நூற்றாண்டின் நடுவில், பெயர் தெரியாத ஒருவர் “ஐஸ்லாந்தியரான நமக்கு” என்று சொல்லியே ஓர் எழுத்துமுறையை வகுத்தார். ஆய்வாளர்கள் அவரை ‘முதல் இலக்கணி’ என்கிறார்கள். சட்டமும் வம்சாவளியும் எழுதப்பட்டு வந்த காலம் அது. திருச்சபையோடு வந்த லத்தீன் எழுத்தில் ஐந்து உயிர்தான். போதவில்லை.

சரி, எத்தனை எழுத்து வேண்டும்? அதற்கு அவர் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற ஒலிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பொருள் மாறினால் அந்த ஒலிக்குத் தனி எழுத்து. நமக்குப் பல், பால் போல. ‘ஸார்’ என்றால் காயம். அதே ஆகாரத்தை உதட்டைக் குவித்து ஓகாரத்தின் பக்கம் கொண்டுபோனால் காயங்கள். அவர் தரும் எடுத்துக்காட்டு: “ஒருவன் எனக்கு ஒரு காயம் உண்டாக்கினான்; நான் அவனுக்குப் பல காயங்கள் உண்டாக்கினேன்.” எழுத்துப் பிசகினால் வழக்கே பிசகிவிடும்! இப்படி நான்கு உயிர்களைச் சேர்த்து ஒன்பதாக்கினார். ஒவ்வொன்றும் குறில், நெடில். அதிலும் மூக்கொலியோடும் இல்லாமலும். மொத்தம் 36. நெடிலுக்கு மேலே ஒரு சாய்கோடு, மூக்கொலிக்குப் புள்ளி.

1930களில் பிராக் நகர மொழியியலாளர்கள், பொருளைப் பிரித்துக் காட்டும் ஒலிகளை ஆராயும் ஒலியனியலை வளர்த்தெடுத்தபோது பயன்படுத்திய சோதனையும் இதுவே. முதல் இலக்கணியின் நூலோ 14ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில்தான் தப்பியிருக்கிறது. சுவடி ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. மயிரைக் குறிக்கும் ‘ஹார்’ வேறு, மூக்கால் சொல்லும், சுறாவைக் குறிக்கும் ‘ஹார்’ வேறு என்று அவர் பிரித்து எழுதியிருக்கிறார். பின்னாளில் ஐஸ்லாந்திய மொழி அந்த மூக்கொலி உயிர்களை இழந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் அவை பொருளைப் பிரித்தன என்பதற்கு முதன்மையான சான்று அவர் வைத்த புள்ளிகள்தான்.