ஹை ஸ்கூலும் உயர்நிலைப் பள்ளியும் ஒன்றல்ல

ஹை ஸ்கூல் முடித்த அமெரிக்க இளைஞர் ஒருவரை 'உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி' என்று நம் செய்திகளும் திரைப்பட வசனவரிகளும் சலிக்காமல் எழுதுகின்றன. தமிழில் பட்டதாரி என்பவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். பள்ளிப் படிப்பை முடித்தவருக்கு அப்பெயர் பொருந்தாது. 'உயர்நிலை' என்பது அதைவிடப் பெரிய பிழை.

எடின்பரோவில் 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய 'ஹை ஸ்கூல்' என்ற பெயரை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 1821இல் வேறு பெயரில் தொடங்கிய தன் பொதுப்பள்ளிக்குப் பின்னர் எடுத்துக்கொண்டது. இன்று அமெரிக்காவில் அது பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளைக் குறிக்கும். தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளியோ பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்து, புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து நீங்கியபோது, பன்னிரண்டு வரை நடத்தும் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. ஆகவே அமெரிக்கப் பள்ளியை உயர்நிலை என்று படிக்கும் தமிழர், அந்த மாணவர் பத்தாவதோடு நின்றுவிட்டார் என்றே கருதுவார்.

இதற்கு மாற்றாகச் சிலர் 'இடைநிலைப் பள்ளி' என்கின்றனர். ஆனால் நம் கல்வித்துறையில் இடைநிலை ஆசிரியர் என்பவர் தொடக்கப் பள்ளியில் அரிச்சுவடி கற்பிப்பவர்; நடுநிலைப் பள்ளி என்பது எட்டாம் வகுப்பு வரை உள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொரு 'இடை'யைச் செருகினால் எந்தப் பெற்றோருக்கு விளங்கும்? அகராதியில் சொல்லுக்குச் சொல் பார்த்துவிட்டு, அரசாணையையும் பள்ளியின் பெயர்ப்பலகையையும் பாராத மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது.

அமெரிக்க ஹை ஸ்கூலை 'மேல்நிலைப் பள்ளி' என்பதே தெளிவு. அதை முடித்தவரைப் 'பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்' என்று எழுதலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் ஏழு முதல் பன்னிரண்டு வரை என்பதால் அங்கும் இச்சொல் பொருந்தும். கனடாவின் கியூபெக்கில் பதினொன்றோடு பள்ளி முடிந்துவிடுவதால், அங்கே வகுப்பைச் சுட்டி எழுதுவதே நேர்மை. இங்கிலாந்தில் 'ஹை ஸ்கூல்' என்ற பெயர் ஒரு படிநிலையையே குறிப்பதில்லை. 1874இல் தொடங்கிய மான்செஸ்டர் பெண்கள் ஹை ஸ்கூல் போன்றவற்றில் தொடக்க வகுப்புகளும் உண்டு என்பதால், அப்பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து எழுதுவதே முறை.