சுற்றுலா விசாவில் வந்தவர் சேலத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். இதில் ஒளிவுமறைவு எதுவும் தேவையில்லை. சுற்றுலா விசாவில் வந்த இடத்தில் இந்தியரை மணந்தவர் அந்த விசாவை வேறு விசாவாக மாற்றிக்கொள்ள மத்திய உள்துறையே வழி வைத்திருக்கிறது. ஆனாலும் ஏற்காடு பார்க்க வந்த இடத்தில் முடிவான கல்யாணமும் சரி, ஆறு மாதம் முன்பே மண்டபம் பிடித்த கல்யாணமும் சரி, முட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில்தான். விசாவில் இருக்கும் நாளும் கல்யாணச் சட்டம் கேட்கும் நாளும் பொருந்தாமல் போகும். விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணம்?

மாப்பிள்ளை, பெண் இருவரும் இந்துக்கள் என்றால் வேலை சுலபம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் நடத்தலாம். புரோகிதர் வேண்டாம் என்பவர்கள், தமிழ்நாட்டில் 1968 முதல் செல்லுபடியாகும் சுயமரியாதைத் திருமண முறையில் மாலை மாற்றிக்கொள்ளலாம். முன்னறிவிப்பு, காத்திருப்பு எதுவும் கிடையாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்புவதற்குள் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுவது நல்லது. இந்தப் பதிவு எந்த மதத்தாருக்கும் கட்டாயம்.

இருவரில் ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872-ஆம் ஆண்டின் இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டப்படி தேவாலயத்தில் மணக்க வழி உண்டு. இன்னொருவரும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் தேவாலயம் தன் பங்குக்குக் கேட்கும் கடிதங்கள், ஓலை வாசிப்பு (கல்யாணத்தை ஆலயத்தில் முன்கூட்டியே அறிவிப்பது) எல்லாம் இருக்கும். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

சரி, ஒருவர் இந்து, மற்றவர் வேறு மதம் அல்லது மதமே இல்லாதவர் என்றால்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டோம், ஊரே சாட்சி, போட்டோ இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு மட்டுமானது. இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டத்தின் கீழ் செய்துகொண்ட கல்யாணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. இவர்களுக்கான வழி சிறப்புத் திருமணச் சட்டம், 1954. மதம், நாடு எதையும் அது பார்ப்பதில்லை. எந்த இரண்டு பேருக்கும் பொருந்தும் என்றுதான் தொடங்குகிறது. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடு வேறு துணை இருக்கக் கூடாது, மனநிலை தெளிவாக இருக்க வேண்டும், தடை செய்யப்பட்ட உறவுமுறையாக இருக்கக் கூடாது.

இரண்டு முப்பதுகள்

இந்தச் சட்டத்தில் 30 நாள் என்பது இரண்டு முறை வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேதி தவறுகிறது.

முதல் முப்பது, குடியிருப்பு. இருவரில் ஒருவராவது, அறிவிப்பு கொடுக்கும் தேதிக்கு முந்தைய 30 நாளாவது அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். ஒருவர் இருந்தால் போதும். ஆகவே அஸ்தம்பட்டியிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ குடியிருக்கும் பெண்ணின் பேரில் இந்த நிபந்தனை நிறைவேறிவிடும். வெளிநாட்டு மாப்பிள்ளை விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே அறிவிப்பு கொடுக்கலாம். பெண் பெங்களூரில் ஐடி வேலையில் இருந்துகொண்டு, ஆதாரில் மட்டும் சேலம் முகவரி வைத்திருந்தால் அது குடியிருப்பு ஆகாது. ஒரு மாதம் சேலத்தில் வந்து இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை கிடைத்தால் பிரச்சினை இல்லை.

இரண்டாவது முப்பது, ஆட்சேபணைக்கான அவகாசம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் அதே தளத்தில் பார்த்துக்கொண்டு, இருவரும் கையெழுத்திட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி நாமக்கல்லிலோ தருமபுரியிலோ இருந்தால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போய் அங்கேயும் ஒட்டப்படும். வீட்டுக்குச் சொல்லாமல் செய்ய நினைப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஆனால் காரணம், மேலே சொன்ன வயது, வேறு துணை, மனநிலை, உறவுமுறை இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். சாதி வேறு, நாடு வேறு, அப்பா சம்மதிக்கவில்லை என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபணையே அல்ல. ஆட்சேபணை வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அவர் மறுத்துவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம்.

இந்த அறிவிப்பு முறை தனியுரிமையைக் கெடுக்கிறது என்று வழக்குகள் நடந்திருக்கின்றன. அறிவிப்பை ஒட்டுவது தம்பதியின் விருப்பத்தைப் பொறுத்தது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அது உத்தரப் பிரதேசத்து நீதிமன்றம். அதை நம்பி சேலத்தில் தேதி குறிக்க முடியாது.

முப்பது நாள் முடிந்ததும் மூன்று சாட்சிகளோடு போய், அலுவலர் முன்னால் ‘உன்னை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன்’, ‘கணவனாக ஏற்கிறேன்’ என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லிக் கையெழுத்திட்டால் கல்யாணம் முடிந்தது. முகூர்த்தம், ராகுகாலம் எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால் அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

விசாவோடு பொருத்திப் பார்ப்போம்

30 நாள் இ-சுற்றுலா விசாவில் வருபவர் இறங்கிய அன்றைக்கே அறிவிப்பு கொடுத்தாலும் ஆட்சேபணைக் காலம் முடிவதற்குள் விசா முடிந்துவிடும். ஆகவே அது சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு ஆகாது. ஓராண்டு அல்லது ஐந்தாண்டு இ-விசாவே சரி. அதிலும் பெரும்பாலான நாட்டவருக்கு ஒரு வருகையில் தொடர்ந்து 90 நாள்தான் தங்க அனுமதி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவருக்கு 180 நாள்.

ஜெர்மனிக்காரர் ஒருவர் ஜனவரி 5-இல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 7-ஆம் தேதி அறிவிப்பு கொடுத்து அன்றே ஒட்டினால் பிப்ரவரி 6 வரை ஆட்சேபணைக் காலம். அதற்குப் பிறகு எந்த வேலை நாளிலும் கல்யாணம். அவருடைய 90 நாள் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. நடுவில் கிடைக்கும் ஏழெட்டு வாரத்தில்தான் சான்றிதழ், விசா மாற்றம் எல்லாம். யாராவது ஒரு ஆட்சேபணை போட்டுவிட்டால் அதில் பாதி போய்விடும். லீவு கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: அறிவிப்பு கொடுத்துவிட்டு ஊருக்குப் போய், மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து கையெழுத்திடுவது. நடுவில் இங்கேயே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இருவருமே வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, பதினைந்து நாள் லீவில் சேலம் வந்து சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் முடித்துவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுவது நடக்காத காரியம். கோயிலில் முடித்துவிட்டு அதே சட்டத்தின் கீழ் பதிவு மட்டும் செய்யலாமே என்றால், அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு; போதாததற்கு அங்கே இருவருமே 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் இருக்கும் நாட்டின் சட்டப்படி அங்கேயே கல்யாணம் செய்துகொள்வதோ, வெளிநாட்டுத் திருமணச் சட்டம், 1969-இன் கீழ் இந்தியத் தூதரகத்தை அணுகுவதோ நல்லது. சேலத்தில் விருந்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கொண்டுவர வேண்டிய காகிதங்கள்

பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்று இவற்றில் பிரச்சினை வராது. மணமாகாதவர் என்ற சான்றுதான் தலைவலி. ஜெர்மனியில் இதை உள்ளூர்ப் பதிவு அலுவலகம் கொடுக்கும். ஆறு மாதமே செல்லும். பிரெஞ்சுக் குடிமக்கள் கல்யாணத்துக்கு முன்பே தங்கள் தூதரகம் வழியாக அறிவிப்பு ஒட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அவர்களுக்குப் பக்கத்துத் துணைத் தூதரகம் புதுச்சேரியில் இருக்கிறது. அமெரிக்க அரசு இப்படி ஒரு சான்றே தருவதில்லை. அந்நாட்டுக் குடிமகன் எழுதும் உறுதிமொழிப் பத்திரத்துக்குத் தூதரகத்தில் நோட்டரி செய்து தருவார்கள். விவாகரத்து ஆனவர் என்றால் தீர்ப்பின் நகல், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்று. இவற்றுக்கெல்லாம் சொந்த நாட்டிலேயே அப்போஸ்தில் எனப்படும், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அரசு முத்திரை போட்டு, அது இந்தியாவோடு நடைமுறையில் இல்லாத நாடு என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, ஆங்கிலத்தில் இல்லாதவற்றை மொழிபெயர்த்துக் கொண்டுவந்துவிட வேண்டும். இங்கே வந்தபின் கூரியரில் வரவழைக்கலாம் என்று விட்டால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் கலையும்.

ஃபார்ம் சி என்று சொல்லிப் பழகிய தங்குமிடத் தகவல் படிவத்தையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் லாட்ஜ், ஹோம்ஸ்டே மட்டுமல்ல, வருங்கால மாமனார் வீடாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். கோடை விழா நேரத்தில் ஏற்காட்டில் அறை கிடைத்தாலே போதும் என்று இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். எங்கே எத்தனை நாள் தங்கினார் என்பதற்குப் பின்னால் காட்ட வேண்டிய ஆதாரமே அந்தப் பிரதிதான்.

கல்யாணத்துக்குப் பிறகு

தாலி ஏறிவிட்டது என்பதால் விசா தானாக நீளாது. இங்கேயே தங்க விரும்பினால், விசா முடிவதற்கு முன்பே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் விண்ணப்பித்து, சுற்றுலா விசாவை எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசாவாக மாற்ற வேண்டும். பதிவுச் சான்றிதழ் கட்டாயம். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று விசாரணை அறிக்கையும் வாங்குவார்கள். காவல்துறையினர் வீட்டுக்கு வந்தால் பதற வேண்டாம், அது நடைமுறை. அல்லது ஊருக்குத் திரும்பி, சான்றிதழைக் காட்டி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எக்ஸ் விசா எடுத்து வரலாம். அவசரமில்லாதவர்களுக்கு இதுவே நிம்மதியான வழி என்பேன். எக்ஸ் விசாவில் இருப்பவர் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது.

விசா முடிந்தும் தங்கிவிட்டால் விளையாட்டல்ல. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால் ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டை போய்விடும். தனக்கோ பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுடைய பெற்றோர் யாருக்கேனுமோ பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை இருந்திருந்தால் ஓசிஐ கிடையாது. இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஏழு ஆண்டு இங்கே குடியிருக்க வேண்டும். அப்போது பழைய நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும்.

சொத்து விஷயத்தில் பெரியவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள். சிறப்புத் திருமணச் சட்டப்படி வேறு மதத்தவரை மணந்த இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பாகம் போய்விடாது, இனி வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நடக்கும். அப்புறம், ஓசிஐ வந்ததும் ஏற்காட்டில் காபித் தோட்டம் வாங்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வீடு வாங்கலாம், தோட்டம், விவசாய நிலம், பண்ணை வீடு ஓசிஐ அட்டைதாரர் வாங்க முடியாது.

இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கு விதி வேறு. பிரிட்டனுக்குச் சாதாரண விசிட்டர் விசாவில் போய் அங்கே கல்யாணம் செய்ய முடியாது. அதற்கென்று தனி மேரேஜ் விசிட்டர் விசா இருக்கிறது. அமெரிக்காவில் பி-2 எனப்படும் சுற்றுலா விசாவில் போனவர் அந்நாட்டுக் குடிமகனை மணக்கலாம், அங்கிருந்தே கிரீன் கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கல்யாணம் செய்து தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து விசா வாங்கியதாகத் தெரிந்தால் பொய்த் தகவல் என்று விண்ணப்பமே விழும். இறங்கிய 90 நாளுக்குள் மணந்தால் அந்தச் சந்தேகம் கூடுதலாகவே வரும். முன்பே நிச்சயமானவர்கள், அவர்களுக்கென்றே உள்ள கே-1 விசாவில் போய், 90 நாளுக்குள் மணக்க வேண்டும்.