அத்தை, நத்தை, மரத்தை

மூன்று சொற்களும் ஒரே ஒலியில் முடிகின்றன. ஆனால் வேற்றுமை உருபு இருப்பது 'மரத்தை'யில் மட்டும்தான். இலக்கணப் பெயர் தெரியாத சிறு குழந்தைகூட, 'அம்' என்றொரு பொருள் இருந்து அதைத்தான் 'அத்தை' என்கிறோம் என்று நினைப்பதில்லை. கணினிக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வரும்? பல்கலைக்கழகத்தில் இயற்கை மொழிச் செயலாக்கம், அதாவது மனித மொழியைக் கணினியைக் கொண்டு கையாளும் துறை, படிக்கச் சேரும் தமிழ் மாணவர்கள், முதல் சில வாரங்களிலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்.

மொழியைக் கணக்காக மாற்றும் வேலை எண்ணுவதில் தொடங்குகிறது. 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினின் செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக் கையாலேயே எண்ணினார். அவற்றில் உயிரெழுத்துகள் சுமார் 43 விழுக்காடு. ஆனால் ஓர் உயிரை அடுத்து இன்னோர் உயிர் வந்தது சுமார் 13 விழுக்காடு இடங்களில்தான். மெய்யை அடுத்து உயிர் வந்ததோ 66 விழுக்காடு. முன்னால் வந்ததைப் பார்த்து அடுத்து வரப்போவதை ஊகிக்கலாம் என்ற இந்த எண்ணம்தான் சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய பெரிய மொழி மாதிரிகளிலும் அடியில் ஓடுகிறது.

மார்க்கோவ் எழுத்தை எண்ணினார். நாம் சொல்லை எண்ணலாமே என்றால், தமிழ் இடம் கொடுப்பதில்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். 'மரம்' ஒன்றே மரத்தை, மரத்தில், மரங்களிலிருந்து, மரமும், மரமா என்று விரிந்துகொண்டே போகும். கணினி எண்ணிப் படிப்பதற்காகத் திரட்டிய உரைகளை நூல்தொகுப்பு என்பார்கள். எவ்வளவு பெரிய நூல்தொகுப்பைக் கொடுத்தாலும் இவற்றில் பல அதில் ஒருமுறைகூட வந்திருக்காது. வராத சொல்லின் நிகழ்தகவு பூஜ்யம். வாக்கியத்துக்காக எல்லா நிகழ்தகவுகளையும் பெருக்கும்போது அந்த ஒரு பூஜ்யம் முழு வாக்கியத்தையும் பூஜ்யமாக்கிவிடும். எண்ணிக்கைகளைச் சற்றே சமன்செய்து இதைச் சமாளிக்கும் வழிகளையும் வகுப்பில் கற்பிப்பார்கள். ஆனால் வேரைத் தொடுவது வேறொரு முறை: சொல்லையே துண்டாக்குவது.

அதற்குப் பெயர் பைட் பேர் என்கோடிங். கோப்புகளைச் சுருக்குவதற்காக 1994இல் பிலிப் கேஜ் வெளியிட்ட உத்தி இது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ரிக்கோ சென்ரிச், பாரி ஹாடோ, அலெக்ஸாண்ட்ரா பர்ச் ஆகியோர் 2016இல் இதை இயந்திர மொழிபெயர்ப்புக்குள் கொண்டுவந்தார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: அதிகமாகப் பக்கத்தில் பக்கத்தில் வரும் இணையை ஒட்டு, பிறகு மறுபடி எண்ணு.

ஒரு தாளை எடுத்துச் செய்து பாருங்கள். மரத்தை, மரத்தில், மரங்கள், நிலத்தை, குளத்தை, படத்தை. இந்த ஆறு சொற்களையும் எழுத்து எழுத்தாகப் பிரியுங்கள். 'த்', 'தை' இணை நான்கு முறை வருகிறது, அதுவே முதலிடம். ஒட்டினால் 'த்தை'. அடுத்து 'ம', 'ர' மூன்று முறை. ஒட்டினால் 'மர'. இரண்டே படிகளில் 'மரத்தை' என்பது 'மர' + 'த்தை' ஆகிவிட்டது! பட்டியலில் இல்லாத 'குடத்தை' வந்தாலும் கு, ட, த்தை என்று துண்டுகள் கிடைத்துவிடும், பூஜ்யம் வராது.

இலக்கணம் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்காமல் அடிச்சொல்லும் ஈறும் பிரிவதை முதன்முதலாகக் கையால் செய்து பார்க்கும்போது வரும் வியப்பு பெரியது. ஆனாலும் நம் இலக்கணம் இதை மரம் + அத்து + ஐ என்று பிரிக்கும். நடுவில் இருப்பது அத்துச் சாரியை, சொல்லையும் உருபையும் இணைக்க வரும் இடைத்துண்டு. 'த்தை' என்ற உருபு தமிழில் கிடையாது. கணினி கண்டது எண்ணிக்கையின் தடம்தான். அதனால்தான் அதே விதி 'அத்தை'யை அ + த்தை என்றும், 'நத்தை'யை ந + த்தை என்றும் உடைக்கிறது.

உண்மையில் கணினி எழுத்துக்கும் கீழிருந்து தொடங்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 'தை' என்பது த, ஐகாரக் குறி என இரண்டு குறியீடுகள். 'த்' என்பது த, புள்ளி. அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, மூன்றெழுத்துச் சொல்லான 'தமிழ்' 15 பைட் பிடிக்கிறது. அதையே ரோமன் எழுத்தில் ஐந்தெழுத்தாக எழுதினால் 5 பைட் போதும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜிபிடி-2 என்ற மொழி மாதிரி, ஒரு பைட் ஏற்கக்கூடிய 256 மதிப்புகளிலிருந்து தொடங்கி 50,000 ஒட்டல்களைச் செய்தது. அது படித்தது பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால் ஒட்டல்களும் ஆங்கிலத்துக்கே போயின. தமிழில் ஓர் உயிர்மெய்யே பல துண்டுகளாகச் சிதறியது. இத்தகைய மாதிரிகளின் நினைவெல்லையும் (ஒரே நேரத்தில் எவ்வளவு உரையைப் பார்க்க முடியும் என்பது) பல சேவைகளின் கட்டணமும் துண்டுக் கணக்கில் அமைவதால், இது வெறும் வகுப்பறைச் சிக்கல் அல்ல. என் பார்வையில், ஒரே வகுப்பில் கடந்துபோகும் இந்தப் பாடத்துக்குத் தமிழ் மாணவர்கள் ஒரு மாதமே ஒதுக்கலாம்.

தமிழ் நூல்தொகுப்பு பெரிதாகப் பெரிதாக நிலைமை மாறும். கதைகளிலும் உரையாடல்களிலும் 'அத்தை' அடிக்கடி வருவதால் 'அ'வும் 'த்தை'யும் ஒருகட்டத்தில் ஒட்டி, அவள் முழுச்சொல்லாகிவிடுவாள். நத்தையைப் பற்றி நாம் அவ்வளவு எழுதுவதில்லை. அது உடைந்தே இருக்கும்.