இரண்டு 'ஆமாம்' வந்தால் என்ன செய்வது?

மாற்றுத்திறனாளி ஒருவரைச் சுற்றியிருக்கும் சமூகம் தன்னில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டிருக்கிறதா என்பதை எண்ணில் அளக்க முடியுமா, சாய்தளங்களை எண்ணினால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாய்தளம் வேண்டும்தான். ஆனால் அது கட்டடத்தைப் பற்றிய தகவல். உள்ளே போனவரோடு யாராவது பேசினார்களா என்று அது சொல்லாது.

முதலில், யாரைக் கணக்கில் எடுப்பது? "உங்களுக்கு ஊனம் உண்டா?" என்று நேரடியாகக் கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். கூச்சம் ஒரு காரணம். வயதானால் இப்படித்தான் என்ற எண்ணம் இன்னொன்று. போன பிறவிப் பாவம் என்று பழிக்கும் மூடத்தனமும் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதனால் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு, அந்தச் சொல்லே இல்லாமல் ஆறு கேள்விகளை வகுத்தது. பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படியேறுவது, நினைவில் வைப்பது, தன்னைக் கவனித்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது. சிரமம் இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என நான்கு விடைகள். ஒன்றிலாவது 'நிறைய' அல்லது 'முடியவே முடியாது' என்று வந்தால் அவர் கணக்கில் வருவார்.

அப்புறம் ஒப்பீடு. வேலை, படிப்பு, வாக்களிப்பு, பொதுக்கூட்டம் பற்றி எல்லோரிடமும் ஒரே கேள்விகள். இரு சாராருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அளவு. யாருமே கூட்டத்துக்குப் போகாத இடத்தில் மாற்றுத்திறனாளிகள் போகாததை ஒதுக்கல் என்று சொல்ல முடியாது, இல்லையா?

எத்தனை முறை வெளியே போனார் என்ற எண்ணிக்கையும் ஏமாற்றும். விடுதி வண்டியில் பத்துப் பேரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், ஒரு மூலையில் சேர்த்து உட்காரவைத்து, திரும்பக் கூட்டிவந்தாலும் கணக்கில் அது 'ஒரு முறை'தான். வீட்டிலிருப்பதே பிடித்தவருக்கோ பூஜ்யம்கூடக் குறையில்லை. எனவே "இது உங்களுக்குப் போதுமா?" என்றும் கேட்க வேண்டும். நண்பர்கள் பட்டியலில் சம்பளத்துக்கு வருபவர்களையும் குடும்பத்தாரையும் கழித்துவிட்டு மீதி எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

சரி, அவரையே கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் ஆமாம்-இல்லை வகைக் கேள்வி கேட்டால், கேள்வி எதுவானாலும் 'ஆமாம்' என்று சொல்லும் போக்கு பலரிடம் இருப்பதை கரோல் சிகல்மேனும் சக ஆய்வாளர்களும் 1981-இல் காட்டினார்கள். கண்டுபிடித்த வழி எளிமையானது. "பெரும்பாலும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" "ஆமாம்." வேறு ஏதேதோ பேசிவிட்டு, "பெரும்பாலும் சோகமாக இருக்கிறீர்களா?" அதற்கும் "ஆமாம்." முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அறிக்கையில் ஒரு மகிழ்ச்சியான மனிதர் கூடியிருப்பார்!

இதை வெறும் புரியாமையாக நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்பவர்களே தன் சாப்பாட்டையும் படுக்கையையும் தீர்மானித்த வாழ்க்கையில், மறுத்துப் பேசாமலிருப்பது ஒருவர் பழகிக்கொண்ட தற்காப்பாகவும் இருக்கலாம்.

ஆமாம்-இல்லையை விட்டுவிட்டு, "தனியாக இருப்பதுபோல் தோன்றுகிறதா, கூட ஆள் இருப்பதுபோல் தோன்றுகிறதா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அதிலும் ஒரு வம்பு: சிலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் கொஞ்ச நேரம் கழித்து வரிசையை மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டு படங்களை முன்னால் வைத்துத் தொட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் எளிது. வரிசை மாறியும் விரல் அதே படத்துக்குப் போனால், அந்த விடையை நம்பலாம்.

இதற்கெல்லாம் நேரமும் பயிற்சியும் வேண்டும். நிதி தருபவர்களோ செயலிக்கும் டாஷ்போர்டுக்கும் தாராளமாகத் தருகிறார்கள்; கேள்வி கேட்கப்போகிறவருக்குப் பயிற்சி என்றால் கை சுருங்கிவிடுகிறது. அப்போது நடப்பது என்ன? அவசரத்தில் பக்கத்திலிருக்கும் அம்மாவிடமோ பணியாளரிடமோ கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய 'தேசிய மையக் குறியீடுகள்' (National Core Indicators) என்ற, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவைகளை அளக்கும் திட்டத்தின் நேரடிக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. குறைபாடு உள்ளவர் எங்கெல்லாம் போனார் என்பது போன்ற வெளிப்படையான விவரங்களை, தேவைப்பட்டால், அவரை நன்றாக அறிந்த வேறொருவர் சொல்லலாம். மனநிறைவு பற்றிய பகுதிக்கு அவர் மட்டும்தான் விடை சொல்லலாம். அவரால் முடியாவிட்டால் அந்தப் பகுதி காலியாகவே இருக்கும்.