கூட்ஸ் வண்டியின் ‘டங் டங்’ எப்படி ஓடுகிறது?

ராமேஸ்வரம் பக்கம், மண்டபம் ஊரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: “அந்தக் காலத்தில் கூட்ஸ் வண்டி கிளம்பும் முன்னால் கொஞ்சம் பின்னால் போகுமாம். அப்புறம்தான் ‘டங் டங்’ என்று முன்னால் நகருமாம். தாத்தா சொல்கிறார். ஏன் அப்படி?”

தாத்தா சொல்வது சரிதான். 1902இல் மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் ஏறிக் கடலைத் தாண்டியது. நம் பக்கம் 2007 வாக்கில் அகலப்பாதை வரும்வரை எல்லாம் மீட்டர் கேஜ்தான். உச்சிப்புளிப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தமும், நின்ற வண்டியிலிருந்து காற்றில் வரும் கருவாட்டு வாடையும் இன்னும் மறக்கவில்லை. வண்டி பின்னால் போவதைப் பார்த்து, “ராமநாதசாமியக் கும்பிட்டுக்கிட்டுக் கிளம்புது” என்பார் எங்கள் அப்பத்தா. உண்மைக் காரணம் அதைவிட அழகானது.

நிற்கும் பொருளை அசைக்கத்தான் அதிக விசை வேண்டும். நகர்ந்துவிட்டால் குறைவாகப் போதும். கரையில் கிடக்கும் வள்ளத்தைத் தள்ளியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பழைய வேகன்களில் இந்த வித்தியாசம் மிக அதிகம். அச்சின் முனை ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். மேலே வெண்கலத் தாங்கி (பேரிங்), கீழே எண்ணெயில் ஊறிய பஞ்சு. சக்கரம் சுழலும்போது அச்சே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய்த் தாங்கிக்கு அடியில் செருகும். அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மொத்தப் பாரமும் மிதக்கும். வண்டி நின்றுவிட்டால் பாரம் எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். அதைக் கிளப்ப, ஓட்டுவதைப்போலப் பல மடங்கு விசை வேண்டும்.

ஐம்பது வேகன்களை ஒரே நேரத்தில் அப்படிக் கிளப்ப நீராவி எஞ்சினால் முடியாது. அதனால் ஒவ்வொன்றாகக் கிளப்பினார்கள். வேகனுக்கு வேகன் இணைப்பில் கொஞ்சம் தொய்வு உண்டு. எஞ்சின் பின்னால் தள்ளினால் இணைப்புகளெல்லாம் நெருங்கிக்கொள்ளும். பிறகு முன்னால் இழுத்தால் முதல் வேகனின் தொய்வு தீர்ந்து ‘டங்’. அது நகர்ந்ததும் இரண்டாவது ‘டங்’. எந்த நொடியிலும் ஒரே ஒரு வேகனின் பிடிவாதத்தைத்தான் எஞ்சின் உடைக்க வேண்டும். மற்றவை ஏற்கெனவே உருள்கின்றன, இல்லையென்றால் இன்னும் காத்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சத்தத்தின் வேகம். இன்றைய நிலக்கரி வேகன் ஒன்றின் நீளம் 10 மீட்டருக்குச் சற்று அதிகம். இணைப்பின் தொய்வு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 10 சென்டிமீட்டர் நகர்வதற்குள் ‘டங்’ ஒரு வேகன் நீளம், அதாவது 10 மீட்டர், பின்னால் தாவிவிடுகிறது. எஞ்சினைப்போல 100 மடங்கு வேகம்! எஞ்சின் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று ஊர்ந்தாலே சத்தம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் வேகத்தில் வால்பக்கம் ஓடும். முன்னால் போகிற வண்டியில் பின்னால் பாய்கிற அலை. நீளத்தைத் தொய்வால் வகுத்தால் போதும், விடை வந்துவிடும். இவ்வளவு எளிய கணக்குக்குள் இப்படி ஒரு வேகம் ஒளிந்திருப்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

அலை வாலுக்கு வந்து சேரும்போது எஞ்சின் வேகம் பிடித்திருக்கும். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு, சும்மா நின்ற நிலையிலிருந்து ஒரே உலுக்கில் அந்த வேகத்துக்குப் போயாக வேண்டும். ‘டங் டங்’ நெருங்கி வருவது காதில் விழுந்ததுமே கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது வேகன்களில் உருளைத் தாங்கிகள் (ரோலர் பேரிங்) வந்துவிட்டன. சமதளத்தில் ஒரு டன்னை உருட்டிக்கொண்டுபோக இரண்டு மூன்று கிலோ விசை போதும். அதனால் பின்னால் போய் வரும் வேலை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் தொய்வு இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. லோகோ பைலட் அவசரப்பட்டு இழுத்தால் இணைப்பு அறுந்து வண்டி இரண்டாகப் பிரிந்துவிடக்கூடும்.

இந்த எண்ணெய்ப் படலம், உருளை, உராய்வு பற்றிய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகம் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உராய்வோடு தொடர்புடைய இடங்களில் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ராக்கெட் பறந்தால் கைதட்டுகிறோம், நல்லதுதான். ஆனால் ஒரு தாங்கியில் மிச்சமாகும் டீசலும் மின்சாரமும் தினமும் மிச்சமாகிறது.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு வேலை. மதுரை, திண்டுக்கல் பக்கம் போகும்போது கூட்ஸ் வண்டி கிளம்புவதைப் பார்த்தால், தண்டவாளத்திலிருந்து தள்ளி நின்று செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். முதல் ‘டங்’குக்கும் கடைசி ‘டங்’குக்கும் இடையே எத்தனை நொடி, மொத்தம் எத்தனை வேகன் என்று குறித்துக்கொள்ளுங்கள். அலையின் வேகம் கிடைத்துவிடும். எஞ்சின் நகர்ந்த வேகத்தையும் கணித்துவிட்டால், இணைப்பில் சராசரியாக எத்தனை சென்டிமீட்டர் தொய்வு என்பதை வேகனைத் தொடாமலே சொல்லிவிடலாம்.