தெர்மாமீட்டரில் 100.4

இரவு பதினொன்று இருக்கும். வார்டு போன் அடித்தது.

"சிஸ்டர், அவருக்கு லேசா காய்ச்சல். நூத்தியொண்ணு காட்டுது. கூடவே நடுக்கம். பக்கத்துல ஒரு டாக்டர் இருக்கார், ஊசி போட்டுட்டுக் காலைல கிளம்பி வரட்டுமா?"

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். பேசியவரின் கணவருக்கு ஸ்டெம் செல் மாற்று, அதாவது எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை ஊறவைக்கும் செல்களை இன்னொருவரிடமிருந்து வாங்கி ஏற்றும் சிகிச்சை, முடிந்து அன்றைக்கு 52ஆம் நாள். நான் கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலம் குழாயை ஃப்ளஷ் பண்ணினீங்களாம்மா?" ஆமாம் என்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் நடுக்கம் வந்ததாம். மருந்து ஏற்றவும் ரத்தம் எடுக்கவும் நெஞ்சில் வைத்திருக்கும் ஹிக்மன் குழாய்க்குள் கிருமி குடியேறியிருந்தால், ஃப்ளஷ் செய்யும் தண்ணீரோடு அது நேராக ரத்தத்துக்குள் போய்விடும். "காலைல இல்லம்மா, இப்பவே. டவுன்ல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டிஸ்சார்ஜ் சம்மரியோட முதல் பக்கத்தைக் காட்டுங்க. முதல் டோஸ் ஆன்டிபயாடிக் அங்கே ஏறட்டும். அப்புறம் அப்படியே இங்கே வாங்க" என்றேன்.

அந்த முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நாங்கள் எழுதிக் கொடுப்பது ஒரே ஒரு எண்: 100.4. அதைத் தொட்டால் காய்ச்சல். காய்ச்சல் என்றால் அவசரம். பாராசிட்டமால் போட்டுப் பார்த்துக் காத்திருக்கும் காய்ச்சல் அல்ல இது. புது மஜ்ஜை வேலையைத் தொடங்கியிருக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தி இன்னும் கைக்குழந்தையாகத்தான் இருக்கும். கிருமி ஒரே ராத்திரியில் ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும்.

ஸ்டெம் செல் மாற்று வார்டில் நர்ஸாகப் பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தது, குடும்பங்கள் மாற்று நடக்கும் நாளை நினைத்துத்தான் நடுங்குகின்றன. வீட்டுக்குப் போகிற நாளில் லட்டு கொடுக்கின்றன. எனக்கோ அந்த லட்டைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

"ஆபரேஷன் எந்தத் தேதி சிஸ்டர்?" என்று கேட்காத குடும்பம் இல்லை. ஆபரேஷனே கிடையாது. கொடையாளியிடமிருந்து எடுத்த செல்கள் ஒரு பையில் வரும். ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவோம். உறைய வைத்த செல்களாக இருந்தால் அவற்றைக் காக்கச் சேர்த்த மருந்தினால் அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாமி கும்பிட்டபடி நிற்கும் அப்பா, பை காலியானதும் "இவ்வளவுதானா?" என்பார். இவ்வளவுதான். செல்கள் தாமே வழி கண்டுபிடித்து மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பை இவ்வளவு எளிதாக நம் கைக்கு வந்துவிடவில்லை. அமெரிக்காவில் டொனால் தாமஸ் என்ற டாக்டர் 1957இல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது, அந்த நோயாளிகளில் யாரும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. விடாமல் தொடர்ந்தவருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கினார்கள்.

ரத்தப் புற்றுநோய் என்றதுமே எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகையில் பெரும்பாலோர் கீமோவிலேயே குணமாகிறார்கள். ஏ.பி.எல். என்ற வகைக்கு பெரும்பாலும் ஒரு விட்டமின் ஏ மருந்தும் ஆர்சனிக்கும் போதும், ஆம், பாஷாணமேதான். மரபணுச் சோதனையில் மோசமான மாற்றம் தெரிந்தவர்கள், கீமோவுக்குப் பிறகும் நோயின் எச்சம் மிஞ்சியவர்கள், ஒருமுறை போய்த் திரும்ப வந்தவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் மாற்றுப் பேச்சே எழும். பிரசவத்தின்போது பணம் கட்டிச் சேமித்த தொப்புள்கொடி ரத்தம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைக்கே வந்த ரத்தப் புற்றுநோய்க்கு அதே பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. நோயின் விதை அதிலேயே இருந்திருக்கலாம்.

கொடையாளிக்கு வருகிறேன். எச்.எல்.ஏ. என்பது செல்களின் மேல் இருக்கும் அடையாளக் குறி. அது முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு கூடப்பிறந்த ஒவ்வொருவரிடமும் 25 சதவீதம்தான். கிடைக்காவிட்டால் அப்பா, அம்மா, பிள்ளைகள் எனப் பாதிப் பொருத்தம் உள்ளவர்களிடமிருந்தும் இப்போது செய்கிறோம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் முன்பின் தெரியாத கொடையாளிகளையும் தேடுகிறோம். நான் சொன்ன திருவண்ணாமலைக்காரருக்குத் தங்கை முழுதாகப் பொருந்தினார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. "இன்னும் ரெண்டாவது குழந்தை பெத்துக்கணும், முதுகெலும்புல குத்த விடமாட்டோம்" என்றார் தங்கையின் மாமியார். முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்க நாலைந்து நாள் தோலுக்கடியில் ஊசி போடுவோம். அப்போது எலும்பு வலி இருக்கும், மாத்திரையில் அடங்கும். பிறகு நாலைந்து மணி நேரம் ஒரு மெஷினோடு படுத்திருக்க வேண்டும், பிளேட்லெட் கொடுப்பது போல. கொடுத்தது உடம்பில் தானே ஊறிவிடும். மாமியாரையே வரச்சொல்லி மெஷினைக் காட்டினோம். கொடுக்கும் நாளன்று மருமகள் பக்கத்தில் இளநீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

செல்கள் ஏறும் முன் பழைய மஜ்ஜையை அழிக்க வலுவான கீமோ கொடுப்போம், சிலருக்கு உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு. குழந்தை பெறும் ஆசை உள்ளவர்கள் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பது பற்றி இதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்களிலும் சிலர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டதுண்டு.

அடுத்த இரண்டு மூன்று வாரம் வாய்தான் பெரிய வேதனை. உதட்டிலிருந்து குடல்வரை உள்தோல் உரியும். எச்சிலை விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பார்கள். மார்ஃபின் கொடுப்போம். சில மருந்துகளுக்கு, ஏறும் நேரம் முழுக்க வாயில் ஐஸ் துண்டு வைத்திருந்தால் புண் குறையும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 500க்குக் கீழே போகாமல் நின்றால் செல்கள் வேர் பிடித்துவிட்டதாகக் கணக்கு.

இந்தச் சமயத்தில் ஒரு பையனின் அம்மா என்னிடம் ஓடி வந்தார். "சிஸ்டர், ரெண்டு நாள்ல மூணு கிலோ கூடியிருக்கான்!" வாயே திறக்காத பிள்ளை எப்படி எடை கூடும்? வலது விலாவுக்கடியில் தொட்டால் வலி, கண்ணில் லேசாக மஞ்சள். கல்லீரலின் நுண்ணிய ரத்த நாளங்கள் அடைபட்டு உடம்பில் நீர் கோத்திருந்தது. இதற்காகத்தான் தினமும் இரண்டு வேளை எடை பார்ப்பதும், வயிற்றை டேப் வைத்து அளப்பதும். சலித்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் பிடித்தால் மருந்து இருக்கிறது. அந்தப் பையன் தப்பித்தான்.

இனி பெரிய விஷயம். சிறுநீரகம் மாற்றினால், உடம்பு வந்த உறுப்பை நிராகரிக்கும். இங்கே தலைகீழ். மாற்றி வைத்ததே எதிர்ப்புச் சக்தியைத்தான். அது வந்து இறங்கிய உடம்பையே அந்நியமாகப் பார்க்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதை. மருத்துவத்தில் இதன் பெயர் ஜி.வி.எச்.டி. முதல் சில மாதங்களில் அது தாக்குவது மூன்று இடம்: தோல், குடல், கல்லீரல். உள்ளங்கை, உள்ளங்கால், காது மடலில் சிவந்து எரியும். தண்ணீராகப் பேதி போகும். கண் மஞ்சளாகும்.

பேதியை நாங்கள் மில்லிலிட்டரில் அளப்போம், அதை வைத்துத்தான் நோயின் தீவிரம் முடிவாகும். வீட்டில் யார் அளக்கிறார்கள்? ஒருவர் அக்கா மகளின் காதுகுத்தைத் தவறவிடக் கூடாது என்று நாலு நாள் பேதியை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. விழாவில் சாப்பிட்டதுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். எங்களிடம் வந்தபோது ஸ்டீராய்டுக்கு அடங்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. அவர் திரும்பிப் போகவில்லை.

சரி, இந்தச் சண்டையை அடியோடு நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது, கூடவும் கூடாது. ஒளிந்திருக்கும் புற்றுச் செல்களைத் தேடிக் கொல்வதும் அதே செல்கள்தான். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமிருந்து எடுத்துச் செய்தால் ஜி.வி.எச்.டி. பெரும்பாலும் வராது, ஆனால் ரத்தப் புற்றுநோய் திரும்பி வருவது அதிகம். லேசான சண்டை இருக்கட்டும், வீடு எரியாமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் டாக்டர்களின் கணக்கு.

அந்தக் கணக்கைக் காப்பது, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரின் மாதிரியான மாத்திரைகள். ரத்தத்தில் குறைந்தால் ஜி.வி.எச்.டி.; கூடினால் சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அளவு பார்க்க வரும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வாருங்கள், கையில் கொண்டு வாருங்கள், ரத்தம் எடுத்ததும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை சொன்னேனோ. போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்துவிடுவார்கள். பூஞ்சைக்கான மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் இந்த அளவைக் கூட்டும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும். பம்பளிமாஸ் வேண்டாம். வேறு எந்த டாக்டர் எதை எழுதினாலும், லேகியமோ கஷாயமோ யார் கொடுத்தாலும், விழுங்கும் முன் எங்களுக்கு ஒரு போன்.

சி.எம்.வி. என்ற வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே நுழைந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி படுத்ததும் அது எழுந்திருக்கும்; நுரையீரலைப் பிடித்தால் ஆபத்து. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வாராவாரம் ரத்தம்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஆள் நன்றாக இருக்கும்போதே பிடிக்க வேண்டிய வைரஸ் அது.

வீட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஆவி பறக்கச் சமைத்ததைச் சாப்பிடுங்கள். பச்சைச் சட்னி, பானிபூரி, நறுக்கி விற்கும் பழம் வேண்டாம். பக்கத்தில் இடித்துக் கட்டும் வேலை நடந்தால் அந்தத் தூசியில் பூஞ்சை இருக்கும், ஜன்னலைச் சாத்துங்கள். வெயில் பட்டால் தோலில் ஜி.வி.எச்.டி. கிளம்பும், ஆண்களும் குடை பிடிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம், வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள். அது உயிருள்ள வைரஸ், மலத்தில் பல வாரம் வெளியேறும். நோயாளி அந்தக் குழந்தைக்குக் கால் கழுவிவிடக் கூடாது. நோயாளிக்குமே சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். அம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகள் மட்டும் இரண்டு வருடம் கழித்து, ஜி.வி.எச்.டி. இல்லாமல் மாத்திரையும் நின்றிருந்தால்.

பெரும்பாலும் நூறு நாள் கடந்தபிறகு வரும் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. சத்தம் போடாது. கண் வறண்டு மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ரசம் நாக்கில் பட்டாலே எரியும். தோல் இறுகிக் கையை முழுதாக மடக்க வராது. பெண்களுக்குப் பிறப்புறுப்பு வறட்சி. இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, நானாகக் கேட்டால்தான் வரும். மாடி ஏறினால் முன்பைவிட மூச்சு வாங்குகிறது என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரலின் சிறு குழல்கள் சுருங்கத் தொடங்கியிருக்கலாம், சுருங்கியது பிறகு விரியாது.

இவ்வளவையும் தாண்டி நோய் திரும்பி வருவதும் உண்டு, பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். மாத்திரையைக் குறைத்துப் புதுச் செல்களை ஏவிவிடுவது, கொடையாளியின் வெள்ளணுக்களை மறுபடி ஏற்றுவது, சில வகைகளுக்குப் புற்றுச் செல்லைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகள் என வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் பலிப்பதில்லை. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. பயமுறுத்தாதீர்கள் சிஸ்டர் என்பார்கள் சில டாக்டர்கள்.

திருவண்ணாமலைக்காரர் அன்று விடியற்காலை நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. குழாயைக் கழற்றினோம், இரண்டு வாரம் ஊசி போட்டோம், வீட்டுக்குப் போனார். லட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து அவரே போன் செய்தார். பைக் லைசென்ஸில் பி பாசிட்டிவ் என்று இருக்கிறது, கடைசி ரிப்போர்ட்டில் ஓ பாசிட்டிவ் என்று வந்திருக்கிறதே, யாரோ ட்யூபை மாற்றிவிட்டார்களா என்று கேட்டார். மாற்றவில்லை, அவர் உடம்பில் இப்போது ஓடுவது தங்கையின் மஜ்ஜையில் ஊறும் ரத்தம். லைசென்ஸ் இருக்கட்டும், பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள் என்றேன். மாற்று நடந்த தேதி, பழைய வகை, புது வகை, எங்கள் போன் நம்பர், அவசரத்துக்கு ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு கொடுத்ததாக இருக்க வேண்டும், சொந்தக்காரர் ரத்தம் கூடாது. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டவர், கடைசியில் கேட்டார்: "அப்போ எனக்கும் தங்கச்சி மாதிரி கொசு அதிகமா கடிக்குமா சிஸ்டர்?"