பெல்ட்டைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடாது

டெக்சாஸில் ஒரு துப்பாக்கி சுடும் மைதானத்தில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். போன சனிக்கிழமை நம்ம ஊர்ப் பையன் ஒருவன் எம்249எஸ் கொண்டுவந்தான். இராணுவ இயந்திரத் துப்பாக்கியான எம்249-இன் 'செமி' வடிவம், அதாவது அரைத் தானியங்கி. தோட்டாக்கள் கோத்த பெல்ட்டில் பாதியை விடாமல் சுட்டுத் தள்ளினான். பிறகு மூடியைத் திறந்து பெல்ட்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, "காலிதான் அண்ணா" என்றபடி செல்ஃபிக்காகக் குழல்வாய்க்கு முன்னால் போய் நின்றான். கத்தி விலக்கினேன். துப்பாக்கிக் குழல் ஆறியபிறகு போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) இழுத்தால், சுடாத தோட்டா ஒன்று துள்ளி விழுந்தது. இந்த ஆண்டில் எனக்கு இது நாலாவது.

இவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இது செமிதானே, நிஜ மெஷின் கன் இல்லையே." சரி, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான். அதனால் ஆபத்து குறைந்துவிட்டது என்று யார் சொன்னது?

இராணுவத்தின் எம்249 திறந்த போல்ட்டில் இயங்குவது. விசையை விட்டதும் போல்ட் பின்னால் நின்றுவிடும், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கும், காற்றும் உள்ளே போகும். திறந்த போல்ட்டில் சுடும் செமிகளைச் சுலபமாகத் தானியங்கியாக மாற்றிவிடலாம் என்று 1982-இல் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையான ஏடிஎஃப் தீர்மானித்தது. அப்புறம் வந்த செமிகள் மூடிய போல்ட்டுக்கு மாறின. அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு, கொதிக்கிற அறைக்குள் அடுத்த தோட்டா தயாராக உட்கார்ந்திருக்கும். பெல்ட் போனாலும் அது போகாது. சூடு ஏறினால் யாரும் தொடாமலே வெடிக்கும். (பழைய பிரவுனிங் எம்1919 இராணுவத்திலேயே மூடிய போல்ட்தான். இந்தத் தொல்லை அதில் அன்றைக்கே பழகிப்போனது.)

ஆகவே, குழல்வாய் எப்போதும் மணல்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். பெல்ட்டை எடுத்தபின் போல்ட்டை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் கண்ணால் பாருங்கள். விரலை விடாதீர்கள், சூட்டில் வெந்துவிடும். தோட்டா வெளியே வரவில்லை என்றால் நோண்டாதீர்கள். குழல்வாயைத் திருப்பாமல் விட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள், ஆறட்டும்.

"கொஞ்சம் மாத்தினா ஃபுல் ஆட்டோ ஆகுமா" என்று கேட்கிறவர்களுக்கு: 1986 மே 19-க்கு முன் பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைத்தான் தனியார் வைத்திருக்க முடியும். மீறினால் 10 ஆண்டு வரை சிறை. என்னிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே கூட்டாட்சிக் குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு வாங்கி ஐந்து நிமிடம் சுட்டாலும் அதே கணக்குதான். நண்பர் கூப்பிட்டார் என்று வந்துவிடாதீர்கள் தம்பி, முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சுடும் இடத்தில் எது சந்தேகமாக இருந்தாலும் கையைத் தூக்குங்கள், நான் வந்து பார்க்கிறேன். அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.